அர்த்தநாரி சட்டை

முட்டை விலையில் ஆரம்பிக்கிறேன். பயப்படாதீர்கள், நாலு பாராவுக்குள் கால்பந்துக்கு வந்துவிடுவேன்.

தினசரியைப் பிரித்தால் தங்கம் விலைக்குப் பக்கத்தில் 'நாமக்கல் மண்டலத்தில் முட்டை கொள்முதல் விலை' என்று ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் அதைத்தான் முதலில் படிப்போம். தங்கம் வாங்கப் போவதில்லை. ஆம்லெட் போட்டே ஆகவேண்டும். அந்த விலையை அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 1982-ல் அது உருவாகக் காரணமாக இருந்தவர் பி.வி.ராவ். 1971-ல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் என்று கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனியைத் தொடங்கியவரும் அவரே. 1996-ல் காலமானார்.

அவருடைய மகளும் இரண்டு மகன்களும் 2010 நவம்பரில் இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்பையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். பெயர் பிளாக்பர்ன் ரோவர்ஸ். விலை 2 கோடியே 30 லட்சம் பவுண்டு. இங்கிலீஷ் பிரீமியர் லீக் அணி ஒன்று முழுசாக இந்தியர் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"கோழி விக்கறவங்களுக்கு எதுக்குங்க பந்து?" என்றாள் என் சகதர்மிணி.

"முட்டையும் உருண்டை, பந்தும் உருண்டை."

"முட்டை எங்கங்க உருண்டையா இருக்குது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் பீரோவைத் திறந்தேன். ஏனென்றால் நாமக்கல் முட்டைக்கும் பிளாக்பர்னுக்கும் சம்பந்தம் ஏற்படுவதற்குப் பதினைந்து வருஷம் முன்பே அந்த கிளப்பின் சட்டை ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

எங்கள் பெரியப்பா பையன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். 1995-ல் லீவில் வந்தபோது, "உனக்குன்னு வாங்கினேன்டா" என்று ஒரு பார்சலை நீட்டினார். வாட்ச்சாக இருக்கும், குறைந்தபட்சம் சென்ட் பாட்டிலாக இருக்கும் என்று பிரித்தால், ஒரு சட்டை. பாதி நீலம், பாதி வெள்ளை. நடுவில் செங்குத்தாகக் கோடு கிழித்த மாதிரி.

"லிவர்பூல் துறைமுகத்துல இறங்கினோம். கடை முழுக்க செவப்பு செவப்பா தொங்குது. இது ஒண்ணு மட்டும் மூலையில தள்ளுபடியில கெடந்துச்சு" என்றார் அண்ணன். லிவர்பூல்காரன் அடுத்த ஊர்க்காரன் சட்டையை எதற்கு வாங்கப் போகிறான்?

எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாசம். சட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்த என் மனைவி, "துணி பத்தலைன்னு டெய்லர் ரெண்டு துண்டை ஒட்டிட்டாரா?" என்றாள். அவளுக்குத் திருச்செங்கோட்டில் சொந்தக்காரர்கள் உண்டு. மலைமேல் இருக்கும் சாமியை மனசில் வைத்துக்கொண்டு அன்றைக்கே பெயரும் சூட்டிவிட்டாள். அர்த்தநாரி சட்டை.

அதைத்தான் தலை தீபாவளிக்குப் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனேன். மாமனார் கதர் ஜிப்பா. சிகரெட் புகை பட்டாலே குளிக்கிறவர். என் நெஞ்சையே உற்றுப் பார்த்தார்.

"மாப்ளே, சட்டையில என்னமோ இங்கிலீஷ்ல போட்டிருக்குதே?"

"மெக்யூவன்ஸ் லாகர்னு போட்டிருக்குங்க மாமா."

"லாக்கரா? பேஷ்! எந்த பேங்க்குல?"

மனைவி என் காலை மிதித்தாள். லாகர் என்பது ஒருவகை பீர். அந்தக் கம்பெனி எடின்பரோவில் இருந்தது.

"ஸ்காட்லாந்துலங்க மாமா" என்றேன்.

மாப்பிள்ளை ஸ்காட்லாந்தில் லாக்கர் வைத்திருக்கிறார் என்று மனுஷர் கடைசிவரை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கைமாற்றுக் கேட்டு நாலு பேர் வீடு தேடி வந்தது தனிக்கதை.

சட்டை கையில் இருக்கிறது, அதன் சரித்திரம் தெரியவேண்டாமா? நூலகத்திலும் அப்புறம் மருமகனின் செல்போனிலுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிச் சேர்த்தேன்.

பிளாக்பர்ன், இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயரில் இருக்கும் நெசவு ஊர். 1875 நவம்பரில் ஜான் லூயிஸ், ஆர்தர் கான்ஸ்டன்டைன் என்ற இரண்டு இளைஞர்கள் கூட்டம் போட்டு ரோவர்ஸைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் கால்பந்து பணக்காரப் பள்ளிக்கூடங்களில் படித்த கனவான்களின் ஆட்டம். எஃப்.ஏ. கோப்பையைக் கனவான்களே ஆடி, கனவான்களே ஜெயித்து, கனவான்களே கைதட்டிக் கொள்வார்கள். 1883-ல் அதே பிளாக்பர்னின் இன்னொரு அணியான ஒலிம்பிக், லண்டனுக்குப் போய் ஓல்ட் ஈட்டோனியன்ஸ் என்ற கனவான் அணியை 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையை ஊருக்குத் தூக்கி வந்துவிட்டது. ஒலிம்பிக்கில் ஆடியவர்கள் யார் தெரியுமா? நெசவாலைத் தொழிலாளிகள், இரும்பு வார்ப்படக்காரர்கள், ஒரு பிளம்பர்! அடுத்த மூன்று வருஷமும் கோப்பை அதே ஊருக்குத்தான், ரோவர்ஸ் கைக்கு. அதற்கப்புறம் கனவான்கள் அந்தக் கோப்பையை ஜெயிக்கவே இல்லை.

ரோவர்ஸ் ஆறு தடவை எஃப்.ஏ. கோப்பை வாங்கியது. லீக் பட்டம் 1912-லும் 1914-லும். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. 81 வருஷம் லீக் பட்டமே இல்லை. அதே ஊரில் பிறந்து இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்த ஜாக் வாக்கர் என்பவர் 1991-ல் கிளப்பைக் கையில் எடுத்துப் பணத்தைக் கொட்டினார். கென்னி டால்கிளிஷ் பயிற்சியாளராக வந்தார். ஆலன் ஷியரர் என்ற கோல் மெஷின் வந்தார்.

1995 மே 14. கடைசி ஆட்டம். லிவர்பூலோடு லிவர்பூலிலேயே. ஷியரர் கோல் போட்டும், கடைசி நிமிஷத்தில் லிவர்பூல் இரண்டாவது கோல் அடித்து பிளாக்பர்ன் 2-1 என்று தோற்றுவிட்டது. போச்சு என்று தலையில் கைவைத்த அதே நேரத்தில், போட்டியாளரான மான்செஸ்டர் யுனைடெட் லண்டனில் 1-1 என்று டிரா செய்துவிட்டது என்று செய்தி வந்தது. தோற்றுவிட்டுப் பட்டம் வாங்கிய அணி! ஜெயித்த லிவர்பூல்காரர்களும் சேர்ந்து குதித்தார்கள். மான்செஸ்டருக்குக் கிடைக்கவில்லையே, அந்த சந்தோஷம். பங்காளி மனசு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அந்த ஒரு பட்டம்தான். அதற்கப்புறம் பிளாக்பர்ன் லீக்கை ஜெயிக்கவில்லை. அந்த வருஷத்துச் சட்டைதான் என் பீரோவில் இருந்தது.

இந்த விளையாட்டுச் சட்டைக்கு 'ஜெர்சி' என்று பெயர். எங்கள் பக்கம் ஜெர்சி என்று சொன்னால், "எத்தனை லிட்டர் கறக்குது?" என்பார்கள். இரண்டும் ஒரே இடத்துச் சரக்குதான். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஜெர்சி என்று ஒரு சின்னத் தீவு. மாடும் அங்கிருந்து வந்தது, பின்னலாடையும் அங்கிருந்து பெயர் வாங்கிக்கொண்டு வந்தது.

ஆரம்பத்தில் இந்தச் சட்டைகளில் நிறத்தைத் தவிர எதுவும் கிடையாது. 1928-ல்தான் ஆர்செனலும் செல்சியும் முதுகில் நம்பர் போட்டுப் பார்த்தன. 1939-ல் லீக்கில் அது கட்டாயமானது. 1976-ல் கெட்டரிங் டவுன் என்ற சின்ன அணி ஒரு டயர் கடையின் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு வந்தது, பெரிய ரகளை! அழித்துவிட்டு வா என்று சங்கம் உத்தரவு போட்டது. மூன்று வருஷம் கழித்து லிவர்பூலே ஹிட்டாச்சி என்று எழுதிக்கொண்டது. சட்டையின் நெஞ்சு வாடகைக்கு விடப்பட்டது அப்படித்தான். ரசிகர்களும் அதே மாதிரிச் சட்டையைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் 1970-களில் வேர்விட்டது. ஒரு கம்பெனியின் விளம்பரத்தை நாம் காசு கொடுத்துச் சுமப்பது! இதைக் கண்டுபிடித்தவனுக்கு வியாபாரத்தில் நோபல் பரிசே கொடுக்கலாம்.

பழசானால் இதற்கு விலை உண்டு. தபால்தலை சேர்க்கிற மாதிரி சட்டை சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் ஜாதி பேதம் வேறு. ஆட்டத்தில் வீரரே அணிந்தது என்றால் உயர்ந்த ஜாதி. வீரருக்காகத் தைத்து அவர் போடாதது அடுத்தது. ரசிகர்களுக்குக் கடையில் விற்றது கடைசி. 1986 உலகக் கோப்பையில் கையால் கோல் போட்ட அன்றைக்கு மாரடோனா அணிந்திருந்த சட்டை 2022 மே மாதம் லண்டனில் 71 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. நம் பணத்தில் சுமார் 70 கோடி! ஆட்டம் முடிந்ததும் அதை மாற்றிக்கொண்டவர் ஸ்டீவ் ஹாட்ஜ் என்ற இங்கிலாந்து வீரர். தோற்ற அணியில் லாபம் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். இந்தச் செய்தியைப் படித்துக் காட்டிய அன்றுமுதல் என் மனைவி பீரோவைப் பூட்ட ஆரம்பித்தாள்.

என் சட்டை மூன்றாம் ஜாதி. இருந்தாலும் அதைப் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. காரணம் என் தாத்தா.

அம்மா வழித் தாத்தாவுக்கு சேலம் அம்மாபேட்டையில் தறி. குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். வேட்டித் துணியை விரல்களுக்கு நடுவில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, "மில்லு" என்றோ "தறி" என்றோ சொல்லிவிடுவார். தப்பவே தப்பாது. அவர் வாயில் கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை, ஒன்றைத் தவிர. அது 'சீமைத்துணி'. அவருடைய அப்பாவின் தறி சும்மா கிடந்ததற்கு அதுதான் காரணம் என்று அவர் கணக்கு.

அந்தச் சீமைத்துணியில் ஏராளமானது நெய்யப்பட்ட ஊர் எது என்றா கேட்கிறீர்கள்? சாட்சாத் பிளாக்பர்ன்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர் ஆலைகளின் முக்கியமான சரக்கு, இந்தியாவுக்கு அனுப்பும் வேட்டித் துணி. அவர்களும் அதை 'தோத்தி' என்றுதான் சொன்னார்கள். வேட்டி கட்டவே தெரியாத ஊர், நமக்கு வேட்டி நெய்து கப்பலேற்றியது. அந்த ஊர்க்காரர்களும் ஒருகாலத்தில் மெஷினைக் கண்டு நடுங்கியவர்கள்தான். ஒரே ஆள் பல நூலை ஒரே சமயத்தில் நூற்கிற 'ஸ்பின்னிங் ஜென்னி'யை அந்தப் பக்கத்துக்காரர் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் கண்டுபிடித்தபோது, பிழைப்புப் போய்விடும் என்று கும்பலாக வந்து அவர் வீட்டு மெஷின்களை உடைத்தார்கள். மனுஷர் நாட்டிங்காமுக்கு ஓடிப்போனார்.

முதல் உலகப் போருக்கு அப்புறம் பிளாக்பர்னுக்கும் சனி பிடித்தது. ஜப்பான் துணி, நம் ஊர் மில்கள், இறக்குமதி வரி, அதற்கு மேல் காந்தியின் அந்நியத் துணி பகிஷ்காரம். ஆலைகள் மூடின. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தி, செப்டம்பர் மாதம் பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊரான டார்வெனுக்கே போய்விட்டார். யாரால் வேலை போனதோ அவரே வந்து நிற்கிறார். அடிக்க வரவேண்டாமா? ஆலைப் பெண்கள் அவரைச் சுற்றி நின்று கைதூக்கி ஆரவாரம் செய்தார்கள். அந்தப் புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. உங்கள் கஷ்டம் புரிகிறது, எங்கள் ஏழைகள் கஷ்டம் இதைவிடப் பெரிது என்று அவர் சொன்னதை அவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு என் சங்கடம் கொஞ்சம் குறைந்தது. அங்கேயும் ஒரு தாத்தா தறி நின்றுபோய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். 1950, 60-களில் மிச்சமிருந்த ஆலைகளில் நைட் ஷிஃப்ட் பார்க்க குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆட்கள் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். கடைசியில் 2010-ல் கிளப்பே நம் கோழிக் கம்பெனிக்கு! வேட்டி அனுப்பிய ஊரை முட்டை போய் வாங்கியது என்றால் தாத்தா விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஆனால் பிளாக்பர்ன் ரசிகர்கள் சிரிக்கவில்லை. புது முதலாளிகள் வந்த மறுமாசமே அனுபவசாலியான பயிற்சியாளர் சாம் அல்லர்டைஸை அனுப்பிவிட்டார்கள். வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூமில் கோழிக்கால் கடிக்கிற மாதிரி விளம்பரம் எடுத்தார்கள். அணி சரிந்தது. 2012 மே மாதம் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கிய அன்று, ரசிகர் ஒருவர் கிளப் கொடி போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார். அந்தக் கோழி ஓடிய ஓட்டம் அன்றைக்கு ஆடியவர்களில் ஒருத்தரும் ஓடவில்லையாம்! 2017-ல் மூன்றாம் டிவிஷனுக்கே போய், 2018-ல் ஒரு படி மேலே ஏறி வந்தது. முதலாளிகளும் சும்மா இல்லை, வருஷா வருஷம் கைக்காசைப் போட்டு நஷ்டத்தை ஈடுகட்டுகிறார்கள். ரசிகர்களில் பலர் ஆட்டத்தைப் பகிஷ்கரித்தார்கள். ஆனால் நீல வெள்ளைச் சட்டையை ஒருத்தரும் கழற்றவில்லை.

இது எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் பிறந்தபோது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம். உட்கார்ந்த திண்ணையிலிருந்து ஒரு அடி நகரவில்லை, மூன்று மாவட்டம் பார்த்துவிட்டேன். எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலையின் கதை இன்னும் பெரிசு. அந்த மலைக்கு ஜாகீர்தார்கள் என்று சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழித்து 1976-ல்தான் அவர்கள் அதிகாரம் முழுசாக முடிந்தது. மலை அங்கேயேதான் இருக்கிறது. ஜனங்களும் அங்கேயேதான்.

2024 ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம். 65 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தையும் வரிசையாக எரிந்த சிதைகளையும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

அதற்கப்புறம் பஸ்ஸிலோ ரயிலிலோ "எந்த ஊர் சார்?" என்று கேட்டால் சொல்லவே தயக்கம். சொன்னால், "ஓ..." என்று ஒரு இழுப்பு. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். மலை ஜனங்களுக்கு இது புதுசில்லை. கல்வராயன் மலை என்றால் பேப்பரில் 'இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு' என்றுதான் செய்தி வரும். அங்கே சாமை விளைகிறது, மரவள்ளி விளைகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று யாரும் தலைப்பு போடுவதில்லை.

அந்த ஜூலையில் ஒருநாள் பீரோவைத் திறந்து சட்டையை எடுத்தேன். நெஞ்சில் அந்த லாகர். 29 வருஷமாக எனக்குத் தமாஷாக இருந்த வார்த்தை. கருணாபுரத்துப் பிள்ளைகள் நடமாடும் தெருவில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது என்று தோன்றியது. மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருக்கும் நண்பர் ஒருவர் அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்தார். அவருடைய பையன்கள் கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து இறங்கிவந்து கீழே ஒரு போட்டியில் ஆடியிருக்கிறார்கள்.

"சட்டைதான் சார் பிரச்சினை. ஒருத்தன் மெஸ்ஸி, ஒருத்தன் தோனி, ஒருத்தன் சிமெண்ட் கம்பெனி பனியன், ஒருத்தன் பெயிண்ட் கம்பெனி. ரெண்டு பேரு எலெக்‌ஷனுக்குக் குடுத்த டீ-ஷர்ட்டு, அதுவும் எதிரெதிர் கட்சி! யாரு எந்த டீமுன்னே தெரியலைன்னு ரெஃப்ரீ ரெண்டு தடவை ஆட்டத்தை நிறுத்திட்டாரு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது பரவால்ல சார். வேடிக்கை பார்த்த பசங்க எங்களைப் பார்த்து, 'டேய், ஊறல் டீம் வந்துடுச்சுடா'ன்னு கத்தினானுங்க. எங்க கோல்கீப்பர், ஒன்பதாவது படிக்கிறான், அப்புறம் பந்தையே பாக்கல. தலையைக் குனிஞ்சவன் குனிஞ்சவன்தான். அஞ்சு கோல்."

இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. காலையில் மருமகனைக் கூப்பிட்டு, சட்டையைப் போட்டோ பிடித்து செல்போனில் விலைக்கு விடச் சொன்னேன்.

இங்கேதான் எதிர்பாராத எதிர்ப்பு. "வித்துடாதீங்க! தலை தீபாவளிக்குப் போட்ட சட்டைங்க அது" என்றாள், 29 வருஷமாக அதைக் கிண்டல் செய்தவள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளே இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்தாள்.

சென்னையிலிருந்து ஒருவர் கேட்டார். பெண் பார்க்கிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. கழுத்து லேபிளைக் காட்டுங்க, உள்பக்கத் தையலைக் காட்டுங்க, எழுத்துல வெடிப்பு இருக்குதா, அக்குள்ல நிறம் மங்கியிருக்குதா, நூல் இழுத்திருக்குதா? போலிகள் நிறைய வருகின்றனவாம். உள்பக்கத் தையலிலும் லேபிளிலும்தான் குட்டு வெளிப்படுமாம். எங்கள் அர்த்தநாரி எல்லாப் பரீட்சையிலும் பாஸ். 9,000 ரூபாய்க்குக் கல்யாணம் முடிந்தது. பார்சல் ஆபீசில் ஒப்படைக்கும்போது தொண்டை கொஞ்சம் அடைத்தது உண்மை.

அடுத்த வாரம் மலைக்குப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் குடலைக் கையில் பிடித்தபடி. திருப்பூரில் சட்டை அடிக்க ஆர்டர் கொடுக்க வேண்டும், என்ன நிறம் வேண்டும் என்று பையன்களையே கேட்டோம்.

"மஞ்சள் சார்! சி.எஸ்.கே. மஞ்சள்!" என்றது பாதி.

"ஊதா சார்! இந்தியா டீம் ஊதா!" என்றது மறுபாதி.

ஒரு மணி நேரம் வாக்குவாதம். யாரும் இறங்கி வருவதாக இல்லை. பி.டி. சார் என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையில் ஒரு சட்டை வரைந்து நடுவில் ஒரு கோடு கிழித்தேன். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். எல்லோரும் கைதட்டினார்கள். 1875-ல் பிளாக்பர்னிலும் இப்படி ஒரு சண்டைதான் நடந்திருக்குமோ என்னவோ!

அடுத்த பஞ்சாயத்து நம்பர். 15 பேருக்கும் 7-தான் வேண்டும். தோனியும் 7, ரொனால்டோவும் 7. பி.டி. சார் அரை நிமிஷம் யோசித்தார். 7, 17, 27, 37, 47 என்று ஆரம்பித்து, 70-களை முழுசாகப் பங்குபோட்டு முடித்துவிட்டார். கோல்கீப்பருக்கு இரட்டிப்பு லாபம், 77.

"நெஞ்சுல என்ன போடறது சார்? காசு குடுத்தது நீங்க. உங்க பேரைப் போடட்டுமா?" என்று கேட்டார்.

என் பெயரைப் போட்டு யாருக்கு என்ன லாபம்? இங்கிலாந்தில்கூட, சிறுவர் அளவுச் சட்டைகளில் மதுப் பெயர் வேண்டாம் என்று பின்னாளில் மதுக் கம்பெனிகளே விதி வகுத்துக்கொண்டார்கள். பையன்களிடமே விட்டோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாக்குவாதம் வரவில்லை. அந்த ஒன்பதாம் வகுப்புக் கோல்கீப்பர்தான் எழுந்து சொன்னான்.

"எங்க மலை பேரைப் போடுங்க சார். பெருசா."

சட்டை ஒன்று 260 ரூபாய், கால்சட்டை 150, இரண்டு பந்து 1,600. மிச்சத்தில் கோல்கீப்பருக்குக் கையுறை, காற்றடிக்கிற பம்ப், அப்புறம் எல்லோருக்கும் பரோட்டா. கணக்கு சரியாகப் போயிற்று. பரோட்டாவில் மட்டும் கைக்காசு கொஞ்சம் விழுந்தது. மலையில் விளையாடிவிட்டு வருகிற பையன்களின் பசியை நான் பட்ஜெட்டில் சேர்க்கவில்லை.

டிசம்பரில் கீழே மறுபடி ஒரு போட்டி. நானும் மனைவியும் போயிருந்தோம். ஜெயித்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. 3-1 என்று தோற்றார்கள். ஆனால் 77-ம் நம்பர் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தான். பிடித்துவிட்டுப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தபோது, எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு சின்னப் பையன் அவன் சட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தான்: "கல்... வ... ரா... யன்... மலை."

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவனிடம், "சூப்பர் கீப்பர்டா" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அதுல ஒரு சட்டையை வாங்கி பீரோவுல வெச்சிருக்கலாம்ங்க. முப்பது வருஷம் கழிச்சு விலை ஏறும்."

"பதினஞ்சுதான் அடிச்சோம். பதினஞ்சும் பசங்க உடம்புல இருக்குது."

"அப்போ நிச்சயமா ஏறும்" என்றாள்.